காகிதப் பையில் ஒரு பன்

முந்நூற்றுப் பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற கைக்கு மூன்று பேருக்கு உலை வைக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். இதில் இட்டுக்கட்டிச் சொல்ல என்ன இருக்கிறது?

பெயின்ட் தொழிற்சாலை கேன்டீனில் பதினோரு வருஷமாக அவர்தான் மாஸ்டர். விடியற்காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால், மதியம் இரண்டரைக்கு அண்டாக்களைக் கழுவிக் கவிழ்க்கும்வரை நின்றகால்தான். அரிசி மூட்டைக்கணக்கு, உப்பு கைக்கணக்கு. குழம்பு அண்டாவுக்கு மூன்று கை உப்பு, அவ்வளவுதான். கரண்டியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார், "இறக்கு" என்பார். நாக்கில் ஒரு சொட்டு வைக்கமாட்டார். ருசி பார்த்துச் சமைக்கிறவன் தொழில் தெரியாதவன் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் தலைவர், அவர் ஒருவர்தான் தொண்டர்.

சமைத்ததைச் சாப்பிடுவதும் கிடையாது. பத்து மணிநேரம் ஆவியிலேயே நின்றால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சோற்றைப் பார்த்தால் குமட்டும். வேலை முடிந்து மூலை பேக்கரியில் ஒரு டீ, ஒரு பன். மாலையில் வீட்டில் மனைவி வைக்கிற எதுவானாலும் இரண்டு தட்டு. இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் படுக்கை விரிப்பு. ஈரத்தோடு வருவதை ஆவி உருளைக்குள் விட்டு, மறுபக்கம் சூடாக வெளியே வருவதை இருவராகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒன்பது வருஷம் மடித்தாள். இப்போது மாலை ஷிப்டுக்கு மேற்பார்வை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது வரை. பதினோரு பெண்கள், நாலு மெஷின். ஒரு வாரம் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிவதற்குள் முடியும் முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மடித்த துணிகளை அலமாரியில் வைத்துக்கொண்டே அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? சாயந்தரம் நம்ம பொண்ணுக்கு நீங்கதான் சாப்பாடு குடுக்கணும்."

"முந்நூறு பேருக்குப் போடறேன். ஒரு அரை டிக்கெட்டுக்குப் போட மாட்டனா?"

"அந்த முந்நூறு பேரும் பசியோட வரிசையில வந்து நிக்கறாங்க. இவ நிப்பாளா?"

"நிப்பா, நிப்பா. நீ போய் உன் மெஷினைப் பாரு."

"சொல்லிட்டேன். நாலு நாள் அவ வெறும் வயித்தோட படுத்தாள்னா எனக்கு அங்க கை ஓடாது. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு வந்துடுவேன்."

வாய்தான் வேண்டாம் என்றது. அலமாரியில் துணிக்குக் கீழே ஒரு புது நோட்டு இருந்ததை மாஸ்டர் பார்த்திருந்தார். முதல் பக்கத்தில் பதினோரு பெண்களையும் மெஷின்வாரியாகப் பிரித்து, யாருக்கு முதுகுவலி, யாரைச் சூட்டுப்பக்கம் நிறுத்தக்கூடாது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்த நிமிஷமே அவர் முடிவு கட்டிவிட்டார். அவள் இந்த வேலையில் உட்கார்ந்தே தீரவேண்டும்.

இனி அந்த அரை டிக்கெட். நாலு வயசு. பகலில் அவளை விடுகிற குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் விழுந்து ஆறு மாசம் ஆகிறது. யார் பொம்மையை யார் பிடுங்கியது, யார் முதலில் தள்ளியது என்று எல்லா வழக்கும் அவளிடம்தான் வரும். கேட்பாள், இரண்டு தரப்பையும் பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது. செருப்பு எந்தக் காலில் முதலில் போடுவது என்பதிலிருந்து சன்னலை எவ்வளவு திறப்பது என்பதுவரை அந்த வீட்டிலும் தீர்ப்பு அவளுடையதுதான்.

திங்கட்கிழமை மூன்றரைக்கு அவளைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் மாடி ஏறி, வீட்டைத் திறந்து, மாஸ்டர் கையைக் கழுவினார். சின்ன அடுப்பு. அதன்மேல் சின்னப் பாத்திரம். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சொப்பு வைத்து விளையாடுவதுபோல இருந்தது. 'கொஞ்சமாக' என்று அவர் அள்ளிப் போட்ட அரிசி வெந்தபோது மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. உருளைக்கிழங்குப் பொரியலுக்கு 'துளி' உப்பு போட்டார். அண்டா பழகிய கையின் துளி எவ்வளவு இருக்கும் என்று சொல்லவேண்டுமா?

ஜட்ஜம்மா ஒரு வாய் வாங்கினாள். துப்பவில்லை, அழவில்லை. மரியாதையாக எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, "வேணாம்" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"வேணாம்னா வேணாம்."

வாய் மூடிக்கொண்டது. பூட்டு போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்த மாதிரி. ஆறரைக்கு இடைவேளையில் அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டாளா?"

"பால் குடிச்சா."

"பால் குடிச்சாளான்னு கேக்கல."

"முதல் நாள் தானேம்மா. வழிக்கு வருவா."

வழிக்கு யார் வருவது என்பதுதான் அந்த வாரம் முழுக்க நடந்த வழக்கு. மாஸ்டர் அவளைப் படுக்கவைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்தார். மாலைக்கென்று வாங்கிய இன்னொரு பன். கறுப்பு டீயில் தொட்டுத் தின்றார். அடுப்பில் இருந்த சோறு எட்டுப் பேர் சாப்பிடலாம்.

செவ்வாய்க்கிழமை உப்புக்குப் பயந்து, போட்டதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் போட்டார். முட்டை, காரட், பட்டாணி, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஜட்ஜம்மா தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பட்டாணிகளை மட்டும் எடுத்து வரிசையாக அடுக்கினாள். காப்பகத்துப் பிள்ளைகளாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். ஒருத்தரையும் சாப்பிடவில்லை. அன்றும் கதவுக்குப் பின்னால் பன்.

புதன்கிழமை கேன்டீனில் மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிருந்ததைத் தட்டுக்கார அக்கா பார்த்துவிட்டாள். தட்டுகள் கழுவுகிறவள் என்பதால் அந்தப் பேர். கழுவ வரும் தட்டைப் பார்த்தே இன்னார் வீட்டில் இன்று சண்டை என்று சொல்லிவிடுவாள்.

"என்ன மாஸ்டர், கப்பல் கவுந்துடுச்சா?"

"பொண்ணு சாப்பிட மாட்டேங்கறா அக்கா. ரெண்டு நாளாச்சு."

"காலையில?"

"காலையில அவங்க அம்மா ஊட்டினா ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறா. நான் குடுத்தாத்தான் வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"அப்ப வயித்துல கோளாறு இல்ல. உங்க மேலதான் ஏதோ கோளாறு." அக்கா ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களுக்குப் பாத்திரம் புதுசா இருக்கணும். இந்தாங்க, குழித்தட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொரு குழியிலயும் ஒவ்வொண்ணு வையுங்க. தானா சாப்பிடும்."

தட்டு பலித்தது என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் சாப்பாட்டுக்குப் பலிக்கவில்லை. ஐந்து குழிகளையும் பார்த்த ஜட்ஜம்மாவுக்கு ஒரே குஷி. சாப்பாட்டைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டச் சொன்னாள். தட்டைத் தானே கழுவித் துடைத்தாள். பெரிய குழியில் அம்மாவின் சட்டைப் பித்தான்கள், சின்னக் குழிகளில் கூழாங்கல், கொண்டை ஊசி, உடைந்த பென்சில் என்று பிரித்து வைத்து அலமாரிக்கடியில் தள்ளிவிட்டாள். தட்டு பறிமுதல்.

அன்று பன் தின்னும்போது முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டு மாஸ்டர் திரும்பினார். கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. சட்டென்று மறைந்தது.

ஓ, இதுதானா சங்கதி என்று அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பாகிவிட்டது. பிள்ளைக்குப் பன் ஆசை! வியாழக்கிழமை இரண்டாக வாங்கினார். மேலே சர்க்கரை தூவியதாகப் பார்த்து அவளுக்கு. கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டுப் பக்கத்தில் பன்னை வைத்து, வெற்றி முகத்தோடு உட்கார்ந்தார்.

"இந்தா, உனக்கும் பன். கிழங்கு ரெண்டு வாய் வாங்கினா முழுப் பன்னும் உனக்குத்தான்."

ஜட்ஜம்மா பன்னைத் தொடவில்லை. ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள். பிறகு கிழங்குத் தட்டையும் தள்ளினாள்.

"நீ சாப்பிடு."

"நான் அப்புறம் சாப்பிடறேன். நீ சாப்பிடு."

"நீ முதல்ல."

"இங்க பாரு, விளையாடாத. காலையில மூணரைக்கு எழுந்தவன் நான். கால் கெஞ்சுது."

"நீ முதல்ல."

"உனக்கு யாரு இவ்வளவு கொழுப்பு குடுத்தது?" என்று கத்திவிட்டார். கையில் இருந்த கரண்டியால் அடுப்பு மேடையில் ஓங்கி ஒரு தட்டு. கேன்டீனில் வரிசை கலைந்தால் தட்டுகிற தட்டு. முந்நூறு பேர் அதற்கு அடங்குவார்கள். இவள் அடங்கவில்லை. கண் நிறைந்தது, கீழுதடு நடுங்கியது, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பார்த்து மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? கத்தினீங்களா?"

"இல்ல... ஆமா."



"விடுங்க. நீங்களும்தான் எவ்வளவு செய்வீங்க? நாளைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன். பழையபடி மடிச்சிட்டுப் போறேன், என்ன குறைஞ்சுபோச்சு?"

என்ன குறைஞ்சுபோச்சு என்று அவள் லேசாகத்தான் சொன்னாள். அந்த லேசுதான் அவரைக் குத்தியது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அவசரப்படாத. நாளைக்கு ஆறரை மணிக்கு நீ போன் பண்ற வரைக்கும் வாயைத் திறக்காத. இன்னும் ஒரு நாள் இருக்கு இல்ல?"

"ஒரு நாள்ல என்ன மாறும்?"

"மாறும். நான் விட மாட்டேன். அவளும் விட மாட்டா, அது வேற விஷயம். நீ மட்டும் வாயைத் திறக்காத."

வெள்ளிக்கிழமை மதியம் பிடித்தது மழை. சாதாரண மழை இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பேக்கரிக்காரர் சாரலுக்குப் பயந்து கதவை இறக்கிவிட்டார். மழை விடுமா என்று மாஸ்டர் காப்பகத்தில் ஒரு மணிநேரத்துக்குமேல் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கி, கேன்டீன் சாக்கை இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு நடந்தார். சாக்கின் எந்தப் பக்கம் தன் தலைமேல் இருக்கவேண்டும் என்று தோளிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது.

வீடு வந்து, அவள் தலையைத் துவட்டி உலர்ந்த சட்டை போட்டுவிட்டபோது மணி ஐந்தே கால். மாஸ்டருக்கு நின்றபடியே கண் சொருகியது. கிண்ணங்கள் நாலு, பொரியல் வேறு, மசியல் வேறு என்றெல்லாம் செய்ய உடம்பில் தெம்பில்லை. ஒரு வாய்க்கு நாலு கிண்ணம் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்தமுறை கையால் அள்ளவில்லை. பால் டம்ளரால் ஒன்றரை டம்ளர் அரிசி அளந்தார். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு காரட் நறுக்கிப் போட்டார். தண்ணீரைத் தாராளமாக விட்டுக் குழைய வேகவிட்டார். கடைசியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினார், ஒரு கட்டி வெண்ணெய் போட்டார். மூக்கருகே கரண்டி, கண்ணை மூடல், "இறக்கு." இறக்கவும் அவரே.

மேசையில் இரண்டு தட்டு வைத்தார். பழக்கதோஷம், தனக்கென்று வைத்த இரண்டாவது தட்டு வெறுமனே இருந்தது.

ஜட்ஜம்மா நாற்காலியில் ஏறினாள். சோற்றைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"பன் எங்க?"

"கடை மூடிட்டாங்க."

"அப்ப நீ என்ன சாப்பிடுவ?"

"எனக்குப் பசிக்கல."

"பொய்."

"சரி, பொய்தான். நீ சாப்பிடு கண்ணு. இன்னிக்கு ஒரு நாள் சாப்பிட்டுடு. அம்மாவுக்காக."

"அம்மா செஞ்சா நீ ரெண்டு தட்டு சாப்பிடற."

"ஆமா."

"நீ செஞ்சா நீ சாப்பிடறதே இல்ல."

ஜட்ஜம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மொத்தத் தீர்ப்பையும் வாசித்துவிட்டாள்:

"நல்லா இருக்கறதை நீ கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு சாப்பிடற. நல்லா இல்லாததை எனக்குக் குடுக்கற. நல்லா இல்லைன்னு உனக்கே தெரியும். அதான் நீ சாப்பிடல. அம்மா அப்படிப் பண்ணவே மாட்டா."

அடேயப்பா! மாஸ்டருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. நாலு நாளாக இந்தப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. ஆவியில் நிற்பது, குமட்டுவது, தொழில் தெரியாதவன்தான் ருசி பார்ப்பான் என்பதெல்லாம் இவளிடம் செல்லுமா? பரிமாறுகிறவன் தொடாத சோற்றைத் தின்ன மாட்டேன் என்கிறாள். இதில் என்ன தப்பு?

வெறும் தட்டில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேன்டீன் மாஸ்டர் ஆனபிறகு தான் சமைத்ததைத் தின்ன அவர் உட்கார்வது அதுதான் முதல்தடவை. ஒரு வாய் வைத்தார். மென்றார். ஜட்ஜம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்லலாம். நிறையப்பேர் இந்த இடத்தில் பொய்தான் சொல்வார்கள்.

"சப்புன்னு இருக்கு. உப்பே இல்ல."

"பாத்தியா!" என்று மேசையைத் தட்டினாள்.

"பாத்தேன்மா, பாத்தேன்." பதினோரு வருஷம் முந்நூற்றுப் பத்துப் பேர் என்னத்தைத் தின்றார்களோ, ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மணி ஆறு பத்து. எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்தார். இரண்டு விரலால் கிள்ளி அவரவர் தட்டில் போட்டார். கிளறினார். அவர் வாயில் ஒன்று.

"இப்ப?" என்றாள் ஜட்ஜம்மா.

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் வேணும்."

"நான் பாக்கறேன்." ஜட்ஜம்மா தன் தட்டிலிருந்து கரண்டி நுனியில் அரை வாய் எடுத்தாள். வாயை இப்படியும் அப்படியும் ஓட்டினாள். "இன்னும்."

இன்னொரு கிள்ளு. அதற்குமேல் மிளகுத்தூள் லேசாக. வெண்ணெய் போதாது என்று ஒரு தீர்ப்பு. அதற்கும் இணங்கினார். மறுபடி ஒரு வாய் வைத்தபோது சோறு நாக்கில் வெதுவெதுப்பாகக் கரைந்து உள்ளே இறங்கியது. அப்போதுதான் மாஸ்டருக்குத் தெரிந்தது, தனக்குப் பசி. இன்றைய பசி மட்டும் இல்லை. பன்னும் டீயுமாக ஏய்த்து ஏய்த்து வைத்திருந்த பசி ஒன்று மொத்தமாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. தலையைக் குனிந்து சாப்பிட்டார். தட்டு காலியானதும் மறுபடி போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

எதிர்த்தட்டில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். குனிந்தபடியே அந்தச் சத்தத்தை எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஆறரைக்குப் போன் அடித்தது. மாஸ்டரின் கை எட்டுவதற்குள் ஜட்ஜம்மா நாற்காலியிலிருந்து குதித்துப் போய் எடுத்துவிட்டாள்.

"அம்மா! அப்பா சாப்பிட்டுட்டாரு!"

"அப்பாவா? அப்பாவை யாரு கேட்டா? நீ சாப்பிட்டியா கண்ணு?"

"நானும்தான். அப்பா ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாரு. முதல்ல நல்லாவே இல்ல, உப்பே போடல. நான்தான் சொன்னேன். இப்ப நல்லா இருக்கு. அப்பா அழுதாரு. ஆனா சாப்பிடறாரு."

"நிஜமாவா? தட்டுல எவ்வளவு இருக்கு?"

"என் தட்டுலயா? ஒண்ணும் இல்ல. நீ மெதுவா வேலையை முடிச்சிட்டு வா. அப்பாவை நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் உருளைச் சத்தம், ஆவிச் சத்தம், யாரோ ஒருத்தி அக்கா அக்கா என்று கூப்பிடுகிற சத்தம். பிறகு அவள் குரல் கேட்டது. போனுக்குள் பேசுகிற குரல் அல்ல அது. கூடம் முழுக்கக் கேட்கிற குரல். மாஸ்டர் தன் நாற்காலியிலிருந்தே அதைக் கேட்டார்.

"மூணாவது மெஷினை யாரும் தொடாதீங்க! மேனேஜரைப் பாத்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நானே வந்து பாக்கறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. ஜட்ஜம்மா அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். திரும்ப நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அப்பாவின் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"மிச்சம் வெச்சிருக்க."

மாஸ்டர் கரண்டியை எடுத்தார்.